பெயர்ப்பலகை ஒரு தெருவில், மக்கள் இன்னொரு தெருவில்

கனடாவின் டொராண்டோ நகரில், ஜெரார்ட் தெருவின் கிழக்குப் பகுதியில் ஈஸ்ட்வுட் என்றொரு பழைய சினிமா கொட்டகை இருந்தது. 1972-ல் ஜியான் நாஸ் என்பவர் அதை எடுத்து, இந்திப் படங்களை ஓட்டத் தொடங்கினார். அந்த வட்டாரத்தில் அப்போது இந்தியக் குடும்பங்கள் அதிகம் இல்லை. ஆனாலும் ஊரின் நாலா பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எல்லை தாண்டி அமெரிக்காவிலிருந்தும் காரில் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். படம் முடிந்து வெளியே வந்தவர்களுக்குச் சாப்பிட இடம் வேண்டியிருந்தது. வீட்டுக்கு வாங்கிப் போகப் பருப்பும் மசாலாவும் வேண்டியிருந்தன. கொட்டகையைச் சுற்றிக் கடைகள் வந்தன. பிறகு வீடியோ கேசட் வந்தது, கொட்டகைக்குக் கூட்டம் குறைந்தது, ஒருநாள் மூடியும் விட்டார்கள். கடைத்தெரு மட்டும் நிலைத்துவிட்டது. இன்று அதன் பெயர் ஜெரார்ட் இந்தியா பஜார். சுற்றுலாப் பயணிகளுக்கு அது 'லிட்டில் இந்தியா'.

டொராண்டோவில் இந்தியர்கள் எங்கே வாழ்கிறார்கள் என்று பார்க்க அந்தத் தெருவுக்குப் போனால் ஏமாற்றம்தான். புடவைக் கடை உண்டு, சோளே பட்டூரே உண்டு, பான் கடை உண்டு. ஆனால் அந்தப் பெருநகரப் பகுதியின் இந்தியக் குடும்பங்களில் பெரும்பாலானவை ஒரு மணி நேரப் பயண தூரத்தில், பிராம்ப்டன், மிசிசாகா போன்ற புறநகர்களில் இருக்கின்றன.

இந்த ஊரைச் சுற்றிப் பார்க்க ஒரு சூத்திரம் உண்டென்றால் அது இதுதான்: ஒரு சமூகத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் தெரு, அந்தச் சமூகம் முதலில் கால் ஊன்றிய இடத்தையோ கூடிய இடத்தையோ காட்டுகிறது. இன்று அவர்கள் எங்கே சமைக்கிறார்கள், எங்கே கும்பிடுகிறார்கள், பிள்ளைகளை எங்கே பள்ளிக்கு அனுப்புகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டுமானால் அங்கிருந்து இன்னொரு பேருந்து ஏற வேண்டும். கிரேக்கர் தெரு, இத்தாலியர் தெரு, சீனர் தெரு என எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஈழத்தமிழருக்கும் பொருந்தும்.

2021 கணக்கெடுப்பின்படி டொராண்டோ நகரின் மக்கள்தொகை ஏறக்குறைய 28 லட்சம். அதில் 46 சதவீதத்துக்கு மேல் கனடாவுக்கு வெளியே பிறந்து வந்து குடியேறியவர்கள். தெருவில் எதிரே வரும் இருவரில் ஒருவர் வேறொரு நாட்டில் பிறந்தவராக இருக்கலாம். நகராட்சியின் உதவி எண்ணான 311-ஐ அழைத்தால் 180-க்கும் மேற்பட்ட மொழிகளில் மொழிபெயர்ப்பாளர் துணையோடு பேசலாம். ஆறு நகராட்சிகளை ஒன்றாக்கி 1998-ல் இன்றைய டொராண்டோவை உருவாக்கியபோது, 'பன்மையே எங்கள் பலம்' என்ற பொருளில் ஒரு முழக்கத்தையே நகரின் சின்னத்தில் பொறித்தார்கள்.

எப்போதும் இப்படி இருந்த ஊர் அல்ல இது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி முழுவதும் டொராண்டோ பிரிட்டிஷ் புராட்டஸ்டன்ட்டுகளின் கோட்டை. அயர்லாந்திலிருந்து வந்த ஆரஞ்சு சங்கத்தின் உறுப்பினராக இல்லாதவர் மேயர் ஆவது அரிது. 'கனடாவின் பெல்ஃபாஸ்ட்' என்றே ஊருக்குப் பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஈட்டன்ஸ் என்ற பெரிய அங்காடி தன் கண்ணாடி ஜன்னல்களுக்குத் திரை போட்டு மூடியது. ஓய்வு நாளில் பொருள்களை வேடிக்கை பார்ப்பதும் தவறு என்று நினைத்த காலம் அது. 1933 ஆகஸ்டில் கிறிஸ்டி பிட்ஸ் என்ற பூங்காவில் பேஸ்பால் ஆட்டம் நடந்தபோது சில இளைஞர்கள் நாஜி ஸ்வஸ்திகா பொறித்த துணியை விரித்துக் காட்டினார்கள். யூத இளைஞர்கள் பாய்ந்தார்கள், இத்தாலிய இளைஞர்கள் அவர்களுக்குத் துணையாக வந்தார்கள், அடிதடி பல மணி நேரம் நீண்டது. அந்தப் பூங்கா இன்றும் இருக்கிறது. ப்ளூர் தெருவில் சுரங்க ரயிலை விட்டு இறங்கினால் எதிரே பச்சைப் பள்ளமாகத் தெரியும். கோடை மாலைகளில் அங்கே இப்போதும் பேஸ்பால் ஆடுகிறார்கள். நினைவுப் பலகை ஒன்றும் இருக்கிறது. நின்று படித்துவிட்டுப் போவது நல்லது.

அந்தக் கலவரத்துக்கு 21 ஆண்டுகள் கழித்து, 1954 இறுதியில், நேதன் பிலிப்ஸ் என்ற யூதரை நகரம் மேயராகத் தேர்ந்தெடுத்தது. நகராட்சி மன்றத்துக்கு முன்னால், பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் சதுக்கத்துக்கு அவர் பெயர்தான். நாடு முழுவதற்குமான மாற்றம் 1967-ல் வந்தது. அதுவரை ஐரோப்பியருக்கே கதவு அகலத் திறந்திருந்தது. அந்த ஆண்டு படிப்பு, தொழில், மொழி, வயது ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு ஆள் எடுக்கும் முறையைக் கனடா கொண்டுவந்தது. 1971-ல் பிரதமர் பியர் ட்ரூடோ பண்பாட்டுப் பன்மையை அரசின் கொள்கையாக அறிவித்தார். டொராண்டோவின் இன்றைய முகத்தை வரைந்தது பெருமளவுக்கு இந்த இரண்டு முடிவுகளும்தான்.

ஊர் சுற்றுவதை நகராட்சி மன்றத்திலிருந்தே தொடங்கலாம். எதிரும் புதிருமாக வளைந்து நிற்கும் இரண்டு கோபுரங்கள், நடுவில் வட்டமான மன்றக் கூடம். உலகமெங்குமிருந்து போட்டிக்கு வந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட வடிவங்களில் பின்லாந்துக் கட்டடக் கலைஞர் வில்ஜோ ரெவெல் வரைந்ததைத் தேர்ந்தெடுத்தார்கள். 1965-ல் திறப்பு விழா நடந்தபோது அவர் உயிரோடு இல்லை. பயணக் கையேடுகள் இவ்வளவும் சொல்லும். அந்த நிலத்தில் முன்பு என்ன இருந்தது என்பதைச் சொல்வது குறைவு.

அங்கே இருந்தது 'வார்டு' என்று ஊரார் அழைத்த ஏழைக் குடியிருப்பு. அமெரிக்க அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த கறுப்பர்கள், பஞ்சத்தால் வந்த ஐரிஷ்காரர்கள், பிறகு யூதர்கள், இத்தாலியர்கள், சீனர்கள் என்று ஒவ்வொரு அலையும் முதலில் ஒதுங்கிய கரை அது. புதிய மன்றமும் சதுக்கமும் கட்டுவதற்காக, அங்கே உருவாகியிருந்த முதல் சைனாடவுனின் பெரும்பகுதியை இடித்தார்கள். மிச்சத்தையும் இடிக்கப் பேச்சு எழுந்தபோது ஜீன் லம் என்ற உணவக உரிமையாளர் முன்னின்று போராடித் தடுத்தார். கனடாவின் உயர் விருதான ஆர்டர் ஆஃப் கனடாவைப் பெற்ற முதல் சீன வம்சாவளிப் பெண் அவர். ஆனால் அதற்குள் சீனக் கடைகள் மேற்கே ஸ்படைனா அவென்யூவுக்கு நகரத் தொடங்கிவிட்டன.

நகராட்சி மன்றத்திலிருந்து ஸ்படைனாவுக்கு நடந்தே போய்விடலாம். இன்றைய சைனாடவுன் அங்கேதான். நடைபாதை முழுக்கக் காய்கறிக் கூடைகள், கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் வறுத்த வாத்து, வியட்நாமிய நூடுல்ஸ் கடைகள். கனடா 1979, 80-ல் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் அகதிகள் 60,000 பேரை ஏற்றுக்கொண்டது. அந்த அலையின் சுவடு இந்தத் தெருவில் தெரியும். டண்டாஸ் தெருவும் ஸ்படைனாவும் சந்திக்கும் மூலையில் ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. 1920-களில் அது யூதர்களின் இத்திஷ் மொழி நாடக அரங்கம். பிறகு ஆங்கிலப் படக் கொட்டகை, அப்புறம் கவர்ச்சி நடன அரங்கம், 1970-களுக்குப் பிறகு ஹாங்காங் படங்கள் ஓடிய சீனத் திரையரங்கு. அந்த மூலைக்கு யார் யார் வந்தார்கள், யார் யார் கிளம்பிப் போனார்கள் என்பதை அந்த ஒரு கட்டடத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

பின்பக்கச் சந்துகளில் நுழைந்தால் கென்சிங்டன் மார்க்கெட். சந்தை என்றால் கூரை போட்ட மண்டபம் அல்ல; வீடுகளின் முன்னறையைக் கடையாக்கி, அதற்கு வெளியே பெட்டிகளை அடுக்கியே உருவான நான்கைந்து குறுகிய தெருக்கள். 1920-களில் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் இப்படித் தொடங்கினார்கள். கியேவ் ஊர்க்காரர்கள் கட்டிய யூதக் கோயிலும் மின்ஸ்க் ஊர்க்காரர்கள் கட்டியதும் இன்றைக்கும் அங்கே நிற்கின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் யூதர்கள் பாதர்ஸ்ட் தெரு வழியே வடக்கே நகர, அந்த வீடுகளுக்குப் போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின் கரீபியர்கள், சீனர்கள், லத்தீன் அமெரிக்கர்கள். 2006-ல் கனடா அரசு அந்த இடம் முழுவதையும் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது. அரண்மனையோ போர்க்களமோ இல்லாத ஒரு காய்கறிச் சந்தைக்கு அந்த மரியாதை கிடைத்தது எத்தனை நியாயம்!

இதே கென்சிங்டனில் 1985-ல் ஒரு சர்ச்சை வெடித்தது. ஜமைக்காக்காரர்களின் 'பேட்டி' என்பது நம்மூர்ப் பஃப்ஸுக்கு உறவு: மஞ்சள் நிற மாவு உறைக்குள் காரமான மாட்டிறைச்சி. 'பீஃப் பேட்டி' என்று சொல்லக் கூடாது, சட்டப்படி அது ஹாம்பர்கருக்குள் வைக்கும் இறைச்சி வட்டம் மட்டும்தான், மீறினால் அபராதம் என்று மத்திய அரசின் உணவு ஆய்வாளர்கள் வந்து நின்றார்கள். கடைக்காரர்கள் பெயரை மாற்ற மறுத்தார்கள். செய்தி பத்திரிகைகளுக்குப் போனது, ஜமைக்கா அரசின் காதுக்கும் எட்டியது. கடைசியில் 'ஜமைக்கன் பேட்டி' என்று போட்டுக்கொள்ளலாம் என்று சமரசம் ஆனது. பல்லாண்டுகளாக டொராண்டோ சுரங்க ரயில் நிலையக் கடைகளில் அவசரத்துக்கு வாங்கிச் சாப்பிடும் பண்டமாக அது இருந்துவருகிறது. வார்டன் நிலையத்துப் பேட்டிக்குத் தனி ரசிகர்களே உண்டு. ஒரு சிறுபான்மையின் பலகாரம் ஊரின் பொதுப் பசிக்கு ஆகிவிட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கரீபியர்களைப் பற்றிச் சொல்லும்போது ஒரு சோகத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1955-ல் கனடா ஒரு திட்டத்தின் கீழ்க் கரீபியத் தீவுகளிலிருந்து இளம்பெண்களை வீட்டு வேலைக்கு அழைத்தது. ஓராண்டு வேலை பார்த்தால் நிரந்தரமாகத் தங்கலாம். படித்த பெண்கள் பலர் அந்த வழியாக வந்து, பிறகு தம் உறவுகளை அழைத்துக்கொண்டார்கள். எக்லிங்டன் அவென்யூ மேற்கில் அவர்கள் கட்டியெழுப்பியதுதான் 'லிட்டில் ஜமைக்கா'. முடி திருத்தும் கடைகள், இசைத்தட்டுக் கடைகள், ரெகே பதிவுக்கூடங்கள் எல்லாம் அங்கே இருந்தன. அந்தத் தெருவின் அடியில் 2011-ல் ரயில் பாதை வேலை தொடங்கியது. வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. தடுப்பு வேலிக்குப் பின்னால் வாடிக்கையாளர் எட்டிப் பார்க்காமல் பல கடைகள் நொடித்து மூடின. மிஞ்சிய கடைகளில் ஒன்றில் உட்கார்ந்து ஒரு தட்டு ஜெர்க் சிக்கன் சாப்பிடுவது, கையேட்டில் உள்ள எந்தக் கோபுரத்தில் ஏறுவதையும்விட உருப்படியான செயல்.

கோபுரம் என்றதும் சொல்லிவிடலாம். 1976-ல் திறந்த சி.என். கோபுரத்தின் உயரம் 553 மீட்டர். வானம் தெளிவாக இருக்கும் நாளில் ஏறினால் ஒன்டாரியோ ஏரி கடலாக விரியும். முதல் நாளே ஏறிவிட்டால் ஊரின் திசைகள் மனதில் பதியும். அதற்கு மேல் அதில் நேரம் செலவழிக்க ஒன்றுமில்லை.

காலேஜ் தெருவில் 'லிட்டில் இத்தாலி' இருக்கிறது. நல்ல காப்பியும் ஐஸ்கிரீமும் கிடைக்கும். இத்தாலியர்கள் அங்கிருந்து வடக்கே செயின்ட் கிளேர் அவென்யூவுக்கும், பிறகு நகர எல்லைக்கு வெளியே உட்பிரிட்ஜுக்கும் போய்விட்டார்கள். 1982-ல் இத்தாலி உலகக் கோப்பைக் கால்பந்தை வென்ற நாளில் செயின்ட் கிளேர் தெருவில் திரண்டவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்பார்கள். தெருவில் இறங்கிக் கொண்டாடத் தெரியாத ஊர் என்று பெயர் வாங்கிய டொராண்டோ, அன்றைக்குத்தான் அதைக் கற்றுக்கொண்டது என்று அந்தத் தலைமுறை இன்றும் சொல்கிறது.

கிழக்கே போகும் இரண்டாம் எண் ரயில், டான் பள்ளத்தாக்கை ஒரு பெரிய பாலத்தின் வழியே கடக்கிறது. ரயிலில் போனால் சன்னல் வழியே மரங்கள் மட்டும் தெரியும். ஒருமுறை நடந்தே கடப்பது நல்லது. பிரின்ஸ் எட்வர்ட் பாலம் 1918-ல் திறந்தது. நகரில் சுரங்க ரயில் பாதை போடும் திட்டம் கைகூடாத அந்தக் காலத்திலேயே, என்றாவது தேவைப்படும் என்று பாலத்தின் அடியில் ஒரு தளத்தையும் சேர்த்துக் கட்டினார்கள். 48 ஆண்டுகள் கழித்து, 1966-ல், அதில் ரயில் ஓடியது. அந்தப் பாலத்தைக் கட்டிய குடியேறிய தொழிலாளர்களின் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் பெரிதாக இடம்பெறவில்லை. கொழும்பில் பிறந்து கனடாவில் குடியேறிய மைக்கேல் ஒண்டாச்சி 1987-ல் எழுதிய 'இன் த ஸ்கின் ஆஃப் எ லயன்' நாவல்தான் அவர்களுக்கு முகம் கொடுத்தது. மாசிடோனியத் தொழிலாளி ஒருவர் பாலத்தின் அடியில் கயிற்றில் தொங்கி வேலை செய்யும் பகுதிக்காகவே அதைப் பயணத்துக்கு முன் படிக்கலாம்.

பாலம் தாண்டினால் டான்ஃபோர்த், கிரேக்கர் தெரு. தெருப்பெயர்கள் கிரேக்க எழுத்திலும் இருக்கும், அலெக்சாந்தருக்குச் சிலையும் இருக்கும். அதே சாலையில் கிழக்கே நடந்துகொண்டே இருக்க வேண்டும். கிரேக்க உணவகங்கள் தேய்ந்து, எத்தியோப்பியக் கடைகள் தொடங்கும். வறுத்த காப்பிக் கொட்டையின் மணமே சொல்லிவிடும். இன்னும் போனால் விக்டோரியா பார்க் அருகே வங்காள எழுத்துகள், இலிஷ் மீன், பிரியாணி. ஒரே சாலையில், ஒரே நாளில், மூன்று கண்டங்களின் சாப்பாடு.

அதற்கும் கிழக்கே ஸ்கார்பரோ. பெரும்பாலான பயணிகள் இங்கே வருவதில்லை. ஆறு வழிச் சாலைகள், கார் நிறுத்தும் வெட்டவெளிகள், அவற்றின் ஓரத்தில் ஒற்றை மாடிக் கடை வரிசைகள். இந்த வரிசைகளை இங்கே 'பிளாசா' என்கிறார்கள். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாடகை மலிவாக இருந்ததால், கையில் கொஞ்சம் பணத்தோடு வந்தவர்கள் இந்தப் பிளாசாக்களில்தான் கடை திறந்தார்கள். டொராண்டோவின் நல்ல சாப்பாட்டைத் தேடுகிறவர் நகர மையத்தைவிட இங்கேதான் அதிகம் திருப்தியடைவார்.

லாரன்ஸ் அவென்யூ கிழக்கில் ஓடும் பேருந்தில் ஏறி உட்கார்ந்தால் போதும். லெபனான் ரொட்டிக் கடை, ஆப்கன் கபாப், பிலிப்பைன்ஸ் பேக்கரி, ஹக்கா சீன உணவகம் என்று வரிசையாக வரும். இந்த ஹக்கா கடை நம் கதையும்தான். கொல்கத்தாவின் தங்க்ராவில் தோல் பதனிட்டு வாழ்ந்த ஹக்கா சீனர்கள், 1962 இந்திய சீனப் போரின்போது சந்தேகத்துக்கும் சிறைவைப்புக்கும் ஆளானார்கள். அடுத்த பத்தாண்டுகளில் பலர் இந்தியாவை விட்டுக் கிளம்பினார்கள். டொராண்டோவுக்கு வந்தவர்கள் கூடவே சில்லி சிக்கனையும் மஞ்சூரியனையும் கொண்டுவந்தார்கள். மதுரையிலோ கோவையிலோ சாப்பிட்ட அதே சிவப்புக் காரம், ஸ்கார்பரோவில் அதை உருவாக்கிய மக்களின் கையாலேயே கிடைக்கிறது. அதுபோலத்தான் டிரினிடாட் ரொட்டிக் கடையும். 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கரீபியத் தீவுக்குக் கப்பலேறிய இந்தியர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள், பருப்புப் பொடி அடைத்த ரொட்டிக்குள் ஆட்டுக்கறியைச் சுருட்டித் தருகிறார்கள்.

தமிழ்ப் பயணிக்கு மார்க்கம் ரோடு தனி அனுபவம். இலங்கையின் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஈழத்தமிழர்கள் கனடாவுக்குப் பெருமளவில் வரத் தொடங்கினார்கள். 1986 ஆகஸ்டில் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் தத்தளித்துக்கொண்டிருந்தபோது, உள்ளூர் மீனவர்கள் அவர்களைக் கண்டு காப்பாற்றினார்கள். அந்தச் சம்பவத்தைக் கனடியத் தமிழர்கள் இன்றும் நன்றியோடு நினைவுகூர்கிறார்கள். டொராண்டோவுக்கு வந்தவர்களில் பலர் முதலில் இருந்தது நகர மையத்தை ஒட்டிய செயின்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிகளில். ஒரே வீட்டில் பலர் சேர்ந்து வாடகை கட்டி, உணவகச் சமையலறைகளில் இரவு வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஸ்கார்பரோவில் வீடு வாங்கினார்கள். இப்போது அவர்களின் பிள்ளைகள் மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ப்டன் என்று இன்னும் வெளியே போய்க்கொண்டிருக்கிறார்கள். மார்க்கத்தில் ஒரு தெருவுக்கு வன்னி என்றே பெயர். கடை வாசலில் இலவசத் தமிழ் வாரப் பத்திரிகைகள் அடுக்கியிருக்கும். உள்ளே நுழைந்தால் "வாங்கோ, என்ன வேணும்?" என்று கேட்பார்கள். இடியப்பம், சொதி, சம்பல், கொத்து ரொட்டி, மீன் ரோல்ஸ், சுடச்சுடப் பாண். எல்லாம் டேக் அவுட் முறை. உட்கார மேசை இருந்தாலும் ஒன்றிரண்டுதான். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் இட்லி இருக்கிறதா என்று கேட்காமல், அங்கே இருப்பதைக் கேட்டுச் சாப்பிட வேண்டும். ஒன்டாரியோ மாகாணம் 2014-லும் கனடா நாடாளுமன்றம் 2016-லும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டன. குளிர் தாங்குமென்றால் அந்த மாதம் போகலாம். இல்லையென்றால் மார்க்கம் ரோட்டையே மூடி 2015 முதல் ஆகஸ்ட் கடைசியில் தமிழர் தெருவிழா நடத்தி வருகிறார்கள்.

சீனர்களின் கதையும் இந்தப் பக்கம்தான் தொடர்கிறது. ஸ்கார்பரோவின் அஜின்கோர்ட்டில் பழைய ரோலர் ஸ்கேட்டிங் கூடம் ஒன்று 1984-ல் சீன வணிக வளாகமாக மாறியது. வாகன நெரிசல் என்ற பெயரில் பழைய குடியிருப்பாளர்கள் எதிர்ப்புக் கூட்டம் போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் வெளிப்பட்டது நெரிசல் பற்றிய கவலை மட்டும் அல்ல. ஆனாலும் வளாகங்கள் பெருகின. 1997-ல் ஸ்டீல்ஸ் அவென்யூவைத் தாண்டியவுடன் பசிபிக் மால் திறந்தது. சிறு சிறு கண்ணாடிக் கடைகளாக அடுக்கிய அந்த மாலுக்குள் ஹாங்காங்கின் சந்தடியைக் கேட்கலாம்.

இவ்வளவையும் பொதுப் போக்குவரத்திலேயே பார்க்க முடியும் என்பது இந்த ஊரின் பெரிய வசதி. பியர்சன் விமான நிலையத்திலிருந்து நகர மையத்தின் யூனியன் நிலையத்துக்கு ரயிலில் 25 நிமிடம். பிரஸ்டோ என்ற அட்டையை வாங்கிக்கொண்டால் டி.டி.சி. என்ற நகரப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்து, டிராம், சுரங்க ரயில் மூன்றிலும் தட்டிவிட்டு ஏறலாம். ஒரு முறை தட்டினால் இரண்டு மணி நேரம் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் இறங்கி ஏறலாம். சாப்பாட்டுக் கடையில் இறங்கி, வாங்கிக்கொண்டு, அடுத்த பேருந்தில் ஏறிவிடலாம் என்பதால் இப்படிப்பட்ட பயணத்துக்கென்றே செய்த விதிபோல இருக்கிறது. 12 வயது வரை குழந்தைகளுக்குக் கட்டணமே இல்லை. ஸ்கார்பரோவுக்குள் ஓடிய சிறு ரயில், 2023 ஜூலையில் பெட்டி தடம்புரண்டதோடு நின்றுவிட்டது. அதனால் கென்னடி நிலையத்துக்கு அப்பால் பேருந்துதான். நேரத்தைக் கொஞ்சம் தாராளமாக ஒதுக்க வேண்டும். உணவகங்களில் விலைப்பட்டியலில் உள்ள தொகைக்கு மேல் பில்லில் 13 சதவீத வரி சேரும். உட்கார்ந்து சாப்பிடும் இடங்களில் 15 முதல் 18 சதவீதம் வரை டிப்ஸ் வைப்பது வழக்கம். ஜனவரி, பிப்ரவரியில் போகிறவர்களுக்கு நகர மையத்தின் அடியில் 'பாத்' என்ற பெயரில் சுமார் 30 கிலோமீட்டருக்கு நடைபாதை ஓடுகிறது.

ஊரைச் சுற்றிக் காட்ட ஆள் வேண்டுமென்றால் மே மாதம் சிறந்தது. நியூயார்க்கில் தெருக்களைக் காப்பாற்றப் போராடிய எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1968-ல் டொராண்டோவுக்குக் குடிவந்தார். ஸ்படைனா வழியே நகர மையத்துக்குள் வரவிருந்த விரைவுச் சாலையை எதிர்த்தவர்களோடு சேர்ந்தார். 1971-ல் அந்தத் திட்டம் நின்றது. அது கட்டப்பட்டிருந்தால் மேலே சொன்ன தெருக்களில் சில இன்று இருந்திருக்காது. அவர் மறைந்த மறு ஆண்டு, 2007-ல், அவர் பெயரில் இலவச நடைப்பயணங்கள் இங்கேதான் தொடங்கின. மே முதல் வாரக் கடைசியில் அந்தந்தப் பகுதி மக்களே தம் தெருவைச் சுற்றிக் காட்டுவார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் கரிபானா. 1967-ல் கனடாவின் நூற்றாண்டுக்குக் கரீபியச் சமூகம் ஒரே ஒரு தடவைக்கான பரிசாகக் கொடுத்த ஊர்வலம் அது. ஊர் மனசு கேட்காமல் ஆண்டுதோறும் நடக்கிறது.

பழகும் விதம் பற்றி ஒரு வார்த்தை. எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து "உங்களுக்கு எந்த நாடு?" என்று கேட்பதைத் தவிர்ப்பது நல்லது. அவர் ஸ்கார்பரோ மருத்துவமனையில் பிறந்தவராக இருக்கலாம். அவருக்கு அதுதான் ஊர். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் ஊர், அம்மா, பாட்டி எல்லாம் தானாக வெளியே வரும்.

இப்போது புதிதாக வந்து இறங்குகிறவர்களைப் பார்க்க விரும்பினால், பெயர்ப்பலகை இன்னும் வராத ஓர் இடம் இருக்கிறது. டான் பள்ளத்தாக்கின் ஓரத்தில் 1960-களின் உயரமான அடுக்குமாடிகள் வட்டமாகச் சூழ்ந்த தோர்ன்கிளிஃப் பார்க். ஆப்கானியர், பாகிஸ்தானியர் என்று பல நாட்டுக் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. நடுவில் உள்ள சிறு பூங்காவில், அப்பகுதிப் பெண்கள் அமைப்பாகச் சேர்ந்து நகராட்சியோடு பேசிப் போராடி ஒரு பொதுத் தந்தூர் அடுப்பைக் கட்டவைத்தார்கள். கோடை வெள்ளிக்கிழமைகளில் அதே பெண்கள் அங்கே சந்தை கூட்டுகிறார்கள்: சமோசா, சுடிதார், மருதாணி, குழந்தைகளுக்கு ஊஞ்சல். போகிறவர்கள் கையில் சில்லறை டாலர் நோட்டுகளோடு மாலை நேரத்தில் போவது நல்லது.